அந்தப் பெயர் யாருடையது?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நைஜீரியாவின் எனுகு நகரில் கணக்கராகப் பணியாற்றுகிறேன், வயது 53. எழுபத்தைந்தைக் கடந்த என் தாயார் நாள்தோறும் இருட்டியதும் வாசலில் அமர்ந்து இக்போ மொழியில் ஒப்பாரி பாடுகிறார். கிழக்கு நைஜீரியா பியாஃப்ரா என்ற தனி நாடாகப் பிரிய முயன்று 1967 முதல் 1970 வரை நடந்த போருக்குச் சென்று, உடல்கூடத் திரும்பி வராத தன் தம்பிக்காக அவர் பாடும் பாட்டு அது. யாரைத் தேடுகிறோம் என்று தொடங்கி, விறகுக்குப் போனானா, தண்ணீருக்குப் போனானா, போயிருந்தால் திரும்பி வரட்டும் என்று நீளும். பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது. பழைய வழிபாட்டின் மிச்சம் இது என்று பாதிரியார் கண்டிக்கிறார். லாகோஸில் இருக்கும் என் தம்பியோ தொலைபேசியில் சிரிக்கிறான். அவனுக்கென்ன, தினமும் கேட்பவன் நான். அரை நூற்றாண்டு கடந்தும் அழ வேண்டுமா என்றால் அம்மா பதில் பேசுவதில்லை, மறுநாளும் பாடுகிறார். பிள்ளைகளின் படிப்புதான் என் கவலை. (மாமாவின் பெயரையே எனக்கும் வைத்ததால் பாட்டு முழுவதும் என் பெயர்தான் ஒலிக்கும், அது சிறு வயதிலேயே பழகிவிட்டது.) இதை நிறுத்த வழி சொல்லுங்கள்.

அன்புள்ள நண்பருக்கு,

பிள்ளைகளின் படிப்பை இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெயரை அடைப்புக்குறிக்குள் ஒரே முறை. நான் அங்கிருந்தே தொடங்குகிறேன். பழகிவிட்டது என்பதை நான் நம்பவில்லை. ஐந்து வயதுச் சிறுவன் வீட்டுக்குள் இருக்கும்போதே, தாய் வெளியே அமர்ந்து அவன் பெயரைச் சொல்லி, இன்னும் வரவில்லையே என்று அழுதால், தான் வந்தது போதவில்லை என்றுதானே அவன் எடுத்துக்கொள்வான்? இறந்தவர் அதே குடும்பத்தில் மீண்டும் பிறப்பார் என்ற நம்பிக்கை உங்கள் மக்களிடையே உண்டு. ஆறுதலுக்காகச் சூட்டிய பெயர் உங்கள் தலையில் பாரமாக இறங்கியிருக்கிறது.

இருந்தாலும், பாட்டை நிறுத்துவதில் நான் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன். அது ஒருவர் தனியே பாடுவதற்குரிய பாட்டே அன்று. இறந்தவரின் வயதுக் குழுவினர், அதாவது அவரையொத்த வயதுத் தோழர்கள், அவரைத் தேடுவதுபோல் பாடி, ஒருவர் கேட்க மற்றவர்கள் பதில் சொல்லி, அவர் இனி வரமாட்டார் என்பதை எல்லோருமாகச் சேர்ந்து ஏற்றுக்கொள்ள ஏற்பட்டது. 1967இல் பியாஃப்ராவுக்காகப் போரிட்டு மாண்ட கவிஞர் கிறிஸ்டோபர் ஒகிக்போவுக்குச் சினுவா அச்செபே இரங்கல் பாடியதும் இந்த வடிவத்தில்தான். ஆங்கில நாவல்களால் உலகறிந்தவர், நண்பனுக்காக அழும்போது தாய்மொழிக்குத் திரும்பினார். உங்கள் மாமாவுக்கோ உடலும் இல்லை, தேடிப் பாட வேண்டிய தோழர்களும் அன்று போர்முனையில் இருந்தார்கள். ஆகவே கேள்வியையும் பதிலையும் உங்கள் தாயார் ஒருவரே சுமக்கிறார். கவிதை காயத்தை ஆற்றும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எதிர்க்குரல் இல்லாத ஒப்பாரி, காயத்தைச் சுற்றியே நடந்துகொண்டிருக்கும்.

இன்றிரவு அவர் அருகில் அமர்ந்து பதில் அடிகளை நீங்கள் பாடுங்கள். பிள்ளைகளும் விரும்பினால் சேர்ந்துகொள்ளட்டும். பாடி முடித்த பிறகு, அந்தப் பெயரைச் சொல்லும்போது ஒருநாளாவது என்னை அழைத்ததுண்டா என்று கேளுங்கள். அதைக் கேட்கத் துணியாமல்தான் இத்தனை ஆண்டுகளாகப் பாட்டின்மேல் கோபித்துக்கொண்டிருக்கிறீர்கள்.