வரப்பும் வரம்பும்

கேள்வி: மேலூர் பக்கம் பெரியாறு வாய்க்கால் பாசனத்தில் விவசாயம் பார்க்கிறேன். அண்ணன் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. மதினி மட்டும் ஊரில் இருக்கிறார். வாய்க்காலில் தண்ணீர் விடுவதற்கு முன்னால் எங்கள் வயலுக்கும் அவர்கள் வயலுக்கும் நடுவில் உள்ள வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்டேன், அவ்வளவுதான். பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகன் ‘திஸ் இஸ் பியாண்ட் த பேல், சித்தப்பா’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அதற்கு என்ன அர்த்தம்? தை மாதம் அவன் கல்யாணம். நான் போகலாமா?

பதில்: ‘பேல்’ என்பது தரையில் அடிக்கிற கூரான கம்பு. லத்தீனில் ‘பாலுஸ்’. கம்பு வேலியாகி, வேலி அடைத்த நிலத்துக்கும் அதுவே பெயராயிற்று. அயர்லாந்தில் டப்ளினைச் சுற்றி ஆங்கில அரசு பிடித்து வைத்திருந்த பகுதிக்கும் அந்தப் பெயர்தான். 1494-இல் கூடிய பார்லிமென்ட் அதைச் சுற்றிப் பள்ளம் வெட்டிக் கரை போடச் சொன்னது. இந்தச் சொல்வழக்கு அங்கேதான் பிறந்தது என்று பலரும் சொல்வார்கள், உறுதியான சான்று இல்லை. நேர் அர்த்தம் ‘வேலிக்கு அப்பால்’. செய்யவே கூடாததைச் செய்துவிட்டீர்கள் என்பது அவன் சொல்ல வந்தது.

தம்பி, இதற்கு டப்ளின் வரை போவானேன்? வரப்புக்கு இன்னொரு பெயர் வரம்பு. ‘வரம்பு மீறிட்டீங்க சித்தப்பா’ என்று தமிழில் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தூக்கி வளர்த்தவராயிற்றே என்று இங்கிலீஷில் ஒளிந்துகொண்டான். நீங்கள் அவன் வார்த்தைக்கு அர்த்தம் தேடுகிறீர்கள். நான் உங்கள் ‘அவ்வளவுதான்’ என்ற வார்த்தையை விடப் போவதில்லை.

வரப்பு கோணல் என்றால் அண்ணன் உயிரோடு இருந்தபோதும் கோணல்தானே? அப்போது ஏன் மண்வெட்டி எடுக்கவில்லை? 200 அடி வரப்பில் ஒரு முழம் என்றால் 300 சதுர அடி, அரை சென்டுக்கு மேல். மதினியிடம் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. புருஷனை இழந்தவளின் நிலத்துக்குக் கொழுந்தன்தான் காவல் நிற்க வேண்டும். நீங்களோ அவள் தனியாக இருக்கும் நேரம் பார்த்து அவள் மண்ணை வெட்டியிருக்கிறீர்கள்.

நாளைக்கே மதினியைக் கூட்டிப் போய், அவர் கண் முன்னால் வரப்பைப் பழைய இடத்தில் போடுங்கள். அளவில் சந்தேகம் இருந்தால் பணம் கட்டி அரசு சர்வேயரைக் கூப்பிட்டு, இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு அளக்கச் சொல்லுங்கள். பிறகு பையனுக்குப் போன் போட்டு, செய்தது தப்பு என்று தமிழிலேயே சொல்லுங்கள்.

அப்பா இல்லாத பிள்ளையின் கல்யாணத்தில் முன்னால் நிற்க வேண்டியவர் நீங்கள். ஆனால் வரலாமா என்று மதினியிடம் கேளுங்கள், என்னிடம் இல்லை.