உடற்பயிற்சிக்கு முன் காபி குடித்தால் என்ன நடக்கிறது?

ஓடப் போகும் முன் காபி குடித்தால் பலன் உண்டா? உண்டு. காரணம் அதிலுள்ள காஃபீன்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தனக்கான இடங்களில் போய் உட்கார்ந்தால் களைப்பு தெரியும். காஃபீனும் கிட்டத்தட்ட அதே வடிவம். பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த வேலையைத்தான் செய்கிறது. அடினோசின் ஏறி வந்தாலும் உட்கார இடமில்லை! அதே தூரம், அதே வேகம், ஆனால் கஷ்டம் குறைவாகத் தெரியும்.

நீண்ட தூர ஓட்டத்திலும் சைக்கிளிலும் பலன் சில சதவீதம்தான். போட்டியில் அதுவே பெரிது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் காஃபீன் எடுப்பது 2004 வரை விளையாட்டுத் தடைப் பட்டியலிலேயே இருந்தது.

ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுப்பது உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம், சுமார் ஒரு மணி நேரம் முன்பு. 60 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 180 மில்லிகிராம். சிக்கரியில் காஃபீனே கிடையாது, அதனால் நம் கலவைக் காபி கொஞ்சம் பின்தங்கும். மாலையில் குடித்தால் தூக்கம் போகும், அப்புறம் மறுநாள் பயிற்சியும் சொதப்பும்.

காபி உடம்பை வற்றவைக்கும் என்பார்கள். வழக்கமாகக் குடிக்கும் அளவில் அப்படி நடப்பதில்லை, அந்தக் காபியில் இருப்பதும் பெரும்பாலும் தண்ணீர்தானே.