ஜப்பானிய பயனட்: மினுமினுப்பும் கருப்பும் (கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, மனைவியின் தாத்தா அமெரிக்கப் படையில் இருந்தவர். 1945-இல் ஒகினாவாவிலிருந்து கொண்டுவந்த பயனட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. கண்ணாடி போல மின்னுகிறது. வந்தபோதே இப்படித்தான் இருந்திருக்குமா?

பதில்: இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது 1897-இல் ஜப்பானியப் படை ஏற்ற 30-ஆம் மாதிரி. அலகு, அதாவது கத்தித் தகடு, சுமார் 40 செ.மீ. ஆரம்பகாலத்தில் இதன் அலகு மெருகிட்ட வெறும் எஃகுதான். அதனால் மின்னுகிறது என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. பிடியை ஒட்டி அலகில் இருக்கும் ஆயுதசாலை முத்திரையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கோடுகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் பஃபிங் (சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவது) போட்டிருக்கிறார்கள். துருக்குழிக்குள்ளும் திருகின் வெட்டிலும் அதே பளபளப்பு இறங்கியிருந்தால், அது பிற்பாடு ஏற்றிய குரோமியம் முலாம். ஊர் திரும்பிய வீரர்கள் பலர் சுவரில் மாட்டிவைக்க இப்படிச் செய்துகொண்டார்கள். சேகரிப்பாளரிடம் விலை குறையும்தான். ஆனால் அமிலத்தில் போட்டு உரிக்காதீர்கள், எஃகும் சேர்ந்து அரிக்கும். தாத்தா செய்துவைத்தது அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: அண்ணே, எங்களுடையது மலேசியாவின் பேராக் தோட்டத்தில் தாத்தா எடுத்து வைத்தது. அலகு கருப்பு. யாரோ பெயின்ட் அடித்திருக்கிறார்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம் என்கிறார் தம்பி.

பதில்: தம்பியைத் தயவுசெய்து நிறுத்துங்கள்! வெயிலில் மின்னி எதிரிக்கு இடம் காட்டிவிடக் கூடாதென்று போர்க்கால அலகுகளுக்கு ஆலையிலேயே நீலக்கருமை (எஃகின் மேற்பரப்பையே வேதிமுறையில் கருக்குவது) ஏற்றினார்கள். பெயின்ட் செதிலாக உதிரும், முத்திரைக் கோடுகளை அடைத்துக்கொள்ளும். நீலக்கருமை உரியாது, உறை உரசிய இடங்களில் மட்டும் தேய்ந்து சாம்பல் நிறம் காட்டும். ஒரு முறை தேய்த்தால் போனது போனதுதான்.

கேள்வி: அலகில் பள்ளமே இல்லை, பிடிக்கும் அலகுக்கும் நடுவிலுள்ள குறுக்குக் கம்பி நேராக இருக்கிறது, பிடிக்கட்டை முரடு. போலியா சார்?

பதில்: இவற்றை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. முற்காலத்தவற்றில் குறுக்குக் கம்பி கொக்கியாக வளைந்திருக்கும், அலகில் நீளப் பள்ளம் ஓடும். போர் முற்ற முற்ற வேலையைச் சுருக்கினார்கள்: கொக்கி போயிற்று, பள்ளம் போயிற்று, பிடியில் திருகுக்குப் பதில் ரிவெட் (அடித்து இறுக்கும் ஆணி) வந்தது. இந்த முரட்டுத்தனத்தை மெருகேற்றி அழகாக்கியவற்றைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

கேள்வி: நான்கு உருண்டை அடுக்கியது போல ஒரு முத்திரை, என்ன அது?

பதில்: பீரங்கிக் குண்டுகள். முதலில் டோக்கியோ ஆயுதசாலையின் அடையாளம், பிறகு ஜப்பானின் கொக்குரா நகர ஆயுதசாலையுடையது.

கேள்வி: துருவுக்கு என்ன செய்ய?

பதில்: மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணி போதும். உறைக்குள்ளேயே போட்டுப் பூட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். தனியாகச் சுற்றி வையுங்கள்.