கேளுங்க அக்கா: தலையாட்டிட்டு வந்துடாதீங்க

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல நிறைய எச்ஐவி பத்திதான். பேர் போட வேணாம்னு எல்லாருமே கேட்டிருக்கீங்க, அதனால சிங்கப்பூர்ல எந்தப் பகுதின்னு மட்டும் போடறேன்.

ஈசூன்ல இருந்து ஒரு வாசகி: அக்கா, நான் ஒரு தொண்டு அமைப்புல வாலண்டியரா போயிட்டிருக்கேன். எச்ஐவி தடுப்புக்கு அடுத்த வருஷம் என்ன செய்யலாம், யாருக்கு செய்யலாம்னு திட்டம் போடற கூட்டத்துக்கு தமிழ் பேசறவங்க சார்பா என்னையும் கூப்பிட்டாங்க. அமெரிக்கால பயன்படுத்தற கையேட்டுல இருந்து எடுத்த ஒரு பேப்பர் குடுத்தாங்க. இன்சிடென்ஸ், ப்ரிவலன்ஸ், கேப் அனாலிசிஸ், பேரிட்டி, கன்கரன்ஸ்னு வரிக்கு வரி ஒரு வார்த்தை. எல்லாம் புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு வந்துட்டேன். இதையெல்லாம் தமிழ்ல எப்படி சொல்றது?

பதில்: தங்கச்சி, தலையாட்டிட்டு வந்துட்டேன்னு எழுதினீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் உங்க கடிதத்தை முதல்ல எடுத்தேன். ஏன்னா அந்த பேப்பர்ல இருக்கற பேரிட்டின்ற வார்த்தை, உங்களை மாதிரி தலையாட்டிட்டு வர்றவங்களுக்காகவே வந்த வார்த்தை.

கொஞ்சம் பழைய கதை. அமெரிக்கால 1983ல டென்வர்ல ஒரு மாநாடு நடந்தப்போ எய்ட்ஸ் இருந்தவங்க சில பேர் எழுந்து நின்னு, எங்களை பலியானவங்கன்னு சொல்லாதீங்க, எங்களைப் பத்தி முடிவெடுக்கற எல்லா இடத்துலயும் எங்களையும் உக்கார வைங்கன்னு எழுதியே குடுத்தாங்க. அதுக்கப்புறம் பத்து வருஷம் கழிச்சு, 1993 கடைசியில, அங்க இருக்கற நோய்க் கட்டுப்பாட்டு மையம், அதாவது சிடிசி, தடுப்புக்கு பணம் வேணும்னா மாநில சுகாதாரத் துறை தனியா உக்காந்து திட்டம் போடக்கூடாது, பாதிக்கப்படற சமூகத்தோட சேர்ந்துதான் போடணும்னு சொல்லிடுச்சு, 1994ல இருந்து அந்த மாதிரி குழுக்கள் வந்துச்சு. உங்க கையில இருக்கற வார்த்தைங்க பெரும்பாலும் அந்த வழியில வந்தது. அதிகாரியும் சாதாரண ஆளும் ஒரே மேசையில பேசறதுக்காக வச்ச வார்த்தைங்க, இப்போ அதுவே ஒருத்தரை வாயடைக்க வைக்குதுன்னா அது உங்க தப்பு இல்ல.

பேரிட்டி கூட இன்னும் ரெண்டு வார்த்தை சேர்ந்து வரும், ரெப்ரசென்டேஷன், இன்க்ளூஷன். மூணும் ஒண்ணுதான்னு நிறைய பேர் நினைக்கறாங்க, இல்ல. அந்த சமூகத்துல இருந்து ஒருத்தர் அவங்க பார்வையோட நாற்காலியில உக்கார்றது ரெப்ரசென்டேஷன். அவர் சொன்னது முடிவுல ஏறுறது இன்க்ளூஷன். மத்தவங்களுக்கு சமமா பேசி வேலை செய்யற அளவுக்கு அவருக்கு விவரமும் பயிற்சியும் மொழியும் கிடைச்சிருக்கறது பேரிட்டி.

நான் ஒருதடவை ஒரு கூட்டத்துக்கு மொழிபெயர்க்கப் போனேன், எந்த இடம்னு வேணாம். பக்கத்துல ஒரு அம்மா, புருஷன் எச்ஐவியில போயிட்டார், அவங்களுக்கும் இருக்கு. ரெண்டு மணி நேரம் கூட்டம், எல்லா பேப்பரும் இங்கிலீஷ்ல, என்னை பேச விட்டது நடுவுல பத்து நிமிஷம். அந்த அம்மா பேப்பரை நாலா மடிச்சாங்க, எட்டா மடிச்சாங்க, அப்புறம் கைப்பைக்குள்ள மருந்து டப்பாவுக்குப் பக்கத்துல வச்சுட்டாங்க. முடிஞ்சதும் அறிக்கையில "சமூகப் பிரதிநிதி கலந்துகொண்டார்"னு எழுதினாங்க. கீழ கோப்பிக்கடையில உக்கார்ந்தப்போ அந்த அம்மா சொன்னது, "மருந்து வாங்கற நாள் வேலை நாளா இருக்கும்மா, லீவு கேட்டா காரணம் கேக்கறாங்க, அதைத்தான் சொல்லலாம்னு வந்தேன்." அந்தக் கூட்டத்துக்கு தேவைப்பட்ட விஷயமே அதுதான், யாரும் கேக்கல. ரெப்ரசென்டேஷன் இருந்துச்சு, பேரிட்டி இல்ல, அதனால இன்க்ளூஷனும் இல்ல. எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல, பத்து நிமிஷம் போதாதுன்னு நானாவது அன்னிக்கே சொல்லியிருக்கணும்.

அதனால அடுத்த கூட்டத்துக்கு பேப்பரை ஒரு வாரம் முன்னாடியே தமிழ்ல கேளுங்க. அது சலுகை இல்ல, பேரிட்டின்னு அவங்க பேப்பர்லயே இருக்கு.

இப்போ இன்சிடென்ஸ், ப்ரிவலன்ஸ். ஒரு டார்மிட்டரியை நினைச்சுக்கோங்க. இந்த வருஷம் புதுசா பெட்டி தூக்கிட்டு உள்ள வந்தவங்க எத்தனை பேர், அது இன்சிடென்ஸ். இன்னிக்கு தேதிக்கு மொத்தம் தங்கியிருக்கறவங்க எத்தனை பேர், அது ப்ரிவலன்ஸ். எச்ஐவியில ரெண்டாவது நம்பர் ஏறுறது கெட்ட செய்தியாவே இருக்கணும்னு இல்ல, மருந்து நல்லா வேலை செஞ்சு ஆளுங்க நாற்பது வருஷம் உயிரோட இருந்தாலும் அது ஏறத்தான் செய்யும். கூட்டத்துல யாராவது "கூடிக்கிட்டே போகுதே"ன்னு பதறினா, எந்த நம்பர் கூடுதுன்னு கேளுங்க.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு, நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். சிங்கப்பூர்ல முதல் எச்ஐவி 1985ல தெரிய வந்துச்சு. சுகாதார அமைச்சு வருஷா வருஷம் புதுசா எத்தனைன்னு சொல்லும், 2018ல 313, 2022ல 202. குறைஞ்சிருக்கு, நல்லதுதான். ஆனா இது புதுசா கண்டுபிடிச்சவங்க கணக்கு, புதுசா தொத்தினவங்க கணக்கு இல்ல. புதுசா தெரிய வர்றவங்கள்ல பாதிப் பேர் அளவுக்கு நோய் முத்தின பிறகுதான் தெரியுது, அதாவது கிருமி உள்ள வந்து பல வருஷம் ஆகியிருக்கும், இவ்வளவு நாளும் அவங்க எந்தக் கணக்குலயும் இல்ல. டெஸ்ட் எடுக்க ஆளே வரலைன்னா இந்த நம்பர் அழகா குறையும். அதனால கண்டுபிடிச்ச எண்ணிக்கையை மட்டும் காட்டி திட்டத்தை சுருக்கப் பாத்தா, எத்தனை பேர் டெஸ்ட் எடுத்தாங்க, எத்தனை பேருக்கு லேட்டா தெரிஞ்சதுன்னும் கேளுங்க. இந்த ரெண்டு கேள்வி கையில இருந்தா எந்தக் கூட்டத்துலயும் நீங்க தாராளமா உக்காரலாம்.

மத்ததெல்லாம் சுலபம். கேப் அனாலிசிஸ்னா தேவை எவ்வளவு, இருக்கறது எவ்வளவு, நடுவுல எங்க துண்டு விழுதுன்னு பாக்கறது, மாசக் கடைசியில வீட்டு பட்ஜெட் போடற யாருக்கும் அது தெரியும். ப்ரயாரிட்டி பாப்புலேஷன்னா யாருக்கு முதல்ல செய்யணும்ன்றது. அதை "ஆபத்தான கூட்டம்"னு மட்டும் மொழிபெயர்க்காதீங்க, ஆபத்து கிருமி தொத்தற செயல்ல இருக்கு, ஒரு கூட்டத்தோட பிறப்புல இல்ல. கன்கரன்ஸ்னா சுகாதாரத் துறை பணம் கேட்டு அனுப்பற விண்ணப்பம் குழு போட்ட திட்டத்தோட ஒத்துப் போகுதுன்னு அமெரிக்கால அந்தக் குழு குடுக்கற சம்மதக் கடிதம். இதுல ஒரு நல்ல விஷயம், ஒத்துக்கலைன்னும் எழுதலாம், ஒத்துக்கறோம் ஆனா இந்த இந்த குறை இருக்குன்னும் எழுதலாம்.

ஜூரோங் வெஸ்ட்ல இருந்து ஒரு அக்கா: என் தம்பிக்கு இந்த உயிர்க்கொல்லி நோய் வந்து நாலு வருஷம் ஆச்சு. எங்ககூடத்தான் இருக்கான். இப்போ அண்டிடெக்டபிள்னு ரிப்போர்ட் வந்திருக்குன்னு சந்தோஷமா சொல்றான். குணமாயிடுச்சா? அவனோட டம்ளருக்கு அடியில நெயில் பாலிஷ் வச்சு தனியா வச்சிருக்கேன், இனிமே அது தேவையா? பொண்ணு பாக்கலாமா?

பதில்: அக்கா, முதல்ல அந்த நெயில் பாலிஷை இன்னிக்கே அழிச்சுடுங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடியும் அது தேவைப்படல. டம்ளர்ல, தட்டுல, கட்டிப் பிடிக்கறதுல, ஒரே பாத்ரூம்ல எச்ஐவி தொத்தாது. உங்களுக்கு யாரும் சொல்லித் தரல, பயந்துட்டீங்க, புரியுது. ஆனா தினமும் தண்ணி குடிக்கும்போது அந்த சிவப்புப் புள்ளியை தம்பி பாத்துட்டுதான் இருந்திருப்பார்.

அண்டிடெக்டபிள்னா குணமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. மருந்து கிருமியை அடக்கி வச்சிருக்கு, ரத்தத்துல அளக்க முடியாத அளவுக்குக் கம்மியா இருக்கு. மருந்தை நிறுத்தினா திரும்ப ஏறிடும். ஆனா ஒழுங்கா சாப்பிட்டு அந்த நிலையிலயே இருக்கற வரைக்கும் உடலுறவு மூலமா அவர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு தொத்தாது. பல வருஷம் ஆயிரக்கணக்கான ஜோடிகளை கவனிச்சு உறுதி பண்ணின விஷயம். இதைத்தான் யூ ஈக்வல்ஸ் யூன்னு சொல்றாங்க, தமிழ்ல நான் "அளக்க முடியலைன்னா தொத்தாது"ன்னு சொல்றேன், இதைவிட நல்லா யாராவது சொன்னா எழுதி அனுப்புங்க, போடறேன்.

பொண்ணு விஷயம். இங்க சட்டப்படி எச்ஐவி இருக்கறவங்க உறவுக்கு முன்னாடி துணைகிட்ட சொல்லியாகணும்னு இருந்துச்சு, 2024ல அதைத் திருத்தி, தொடர்ந்து அண்டிடெக்டபிளா இருக்கறவங்களுக்கு அந்தக் கட்டாயத்தை எடுத்துட்டாங்க. ஆனா அக்கா, சட்டம் விட்டுடுச்சுன்னு மறைச்சு கல்யாணம் பேசாதீங்க. தம்பிக்கு கல்யாணம் வேணுமான்னு முதல்ல தம்பியைக் கேளுங்க. வேணும்னா அந்தப் பொண்ணுகிட்ட அவரே சொல்லட்டும், டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் சேர்ந்து போகட்டும். குழந்தையும் கிருமி இல்லாம பெத்துக்கலாம்.

அப்புறம் அந்த "உயிர்க்கொல்லி" வேணாமே. தமிழ்நாட்டுல ஒருகாலத்துல சுவர் சுவரா எழுதி வச்ச வார்த்தை, பயம் வந்தா டெஸ்ட்டுக்கு வருவாங்கன்னு நினைச்சு எழுதினாங்க, பயம் வந்தவங்க ஒளிஞ்சுதான் போனாங்க. தம்பிக்கு எச்ஐவி இருக்குன்னு சொல்லுங்க, போதும்.

தோ பாயோல இருந்து ஒரு தம்பி: ப்ரெப், பெப் ரெண்டும் ஒண்ணா?

பதில்: இல்லப்பா. ப்ரெப் முன்னாடி, பெப் பின்னாடி. கிருமி இல்லாத ஒருத்தர், வரக்கூடிய வாய்ப்பு இருக்குன்னா டாக்டர் மேற்பார்வையில எச்ஐவி தடுப்பு மருந்தை முன்கூட்டியே சாப்பிடறது ப்ரெப். ஆணுறை கிழிஞ்சுபோச்சு, ஊசி குத்திடுச்சு, அந்த மாதிரி ஏதாவது நடந்த பிறகு 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு 28 நாள் சாப்பிடறது பெப், எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கறோமோ அவ்வளவு நல்லது. ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் திங்கள் வரைக்கும் காத்திருக்காதீங்க, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு, அதாவது ஏ அண்ட் ஈக்கு, போங்க.

துவாஸ்ல இருந்து ஒரு தம்பி, ஊர் புதுக்கோட்டை: அக்கா, எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, டெஸ்ட் எடுக்கணும். எடுத்தா கம்பெனிக்கு தெரிஞ்சுடுமா? பெர்மிட் போயிடுமா? கடன் இன்னும் பாதி இருக்கு.

பதில்: தம்பி, உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். இருக்கறதை அப்படியே சொல்றேன்.

பேர் சொல்லாம எடுக்கற டெஸ்ட் இங்க உண்டு. கெலந்தான் லேன்ல பால்வினை நோய்களுக்கான டிஎஸ்சி கிளினிக் இருக்கற இடத்துல, 1988ல தொடங்கின ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ் அமைப்பு ரொம்ப வருஷமா நடத்துது, தேக்காவுல இருந்து நடந்தே போயிடலாம். பேர், பெர்மிட் கார்டுல இருக்கற ஃபின் நம்பர் எதுவும் கேக்க மாட்டாங்க, அதனால கம்பெனிக்கு போறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல. 2025ல இருந்து சில மருந்துக்கடைகள்லயே சுயமா எடுக்கற கிட்டும் விக்கறாங்க. ஆனா சந்தேகப்படற சம்பவம் நடந்து மூணு மாசம் ஆகாம அதுல நெகட்டிவ்னு வந்தா நம்ப முடியாது, பாசிட்டிவ்னு வந்தாலும் கிளினிக்ல திரும்ப எடுத்துதான் உறுதி பண்ணணும்.

பெர்மிட்டுக்கு எடுக்கற மெடிக்கல் வேற. அதுல எச்ஐவி டெஸ்ட் உண்டு, பாசிட்டிவ்னா ஊருக்கு அனுப்பிடுவாங்க. பேர் இல்லாத டெஸ்ட்டுல பாசிட்டிவ் வந்தாலும், இங்கயே சிகிச்சைக்குப் போனா பேர் குடுக்க வேண்டி வரும். கசப்பான உண்மை. ஈசூன் தங்கச்சி இதைக் கவனிங்க: அமைச்சு சொல்ற அந்த 313, 202 எல்லாம் குடிமக்களும் நிரந்தரவாசிங்களும் (பிஆர்) மட்டும்தான். இந்தத் தம்பி அந்தக் கணக்குல வரவே மாட்டார். உங்க பேப்பர்ல கேப்னு ஒரு வார்த்தை இருக்கே, அடுத்த கூட்டத்துல இதைச் சொல்லுங்க.

தம்பி, உறுதியாயிட்டாலும் வாழ்க்கை முடிஞ்சுடல, இதை கவனமா படிங்க. இந்தியால எச்ஐவி இருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சதே நம்ம சென்னையிலதான், 1986ல டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி செல்லப்பன் நிர்மலாவும். அதனாலயோ என்னவோ தமிழ்நாடு இந்த விஷயத்துல சீக்கிரமே முழிச்சுக்கிச்சு. 2004ல இருந்து அரசு ஆஸ்பத்திரியில எச்ஐவியை அடக்கி வைக்கற ஏஆர்டி மருந்து இலவசம், வாழ்நாள் முழுக்க. அரசு ஆஸ்பத்திரியில "நம்பிக்கை மையம்"னு போர்டு இருக்கும், அங்க போய் கேட்டா டெஸ்ட்டும் ஆலோசனையும் இலவசம். எச்ஐவி இருக்கறதை வெளிய சொல்றதும் அதுக்காக வேலையை விட்டு எடுக்கறதும் தப்புன்னு 2017ல இந்தியால தனிச் சட்டமே போட்டிருக்காங்க. ஊர்ல இருந்து 1097க்கு போன் பண்ணலாம், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

தேக்காவுக்கு வருவீங்கல்ல, கெலந்தான் லேன் எந்த நாள், எந்த நேரம் திறந்திருக்குன்னு முதல்ல போன்ல பாத்துட்டு, கூட்டாளிகளோட வராம தனியா வந்து போங்க. ரிசல்ட் எதுவா இருந்தாலும் எழுதுங்க, பத்திரிகையில போட மாட்டேன், உங்களுக்கு மட்டும் பதில் போடறேன்.