ராத்திரி ரயிலில் ஸ்பீக்கர் சத்தம்: இப்படிச் செய்யுங்கள்

ஸ்லீப்பரில் இரவு 11 மணிக்கு எதிர் பெர்த்காரர் ஸ்பீக்கரில் படம் ஓடவிட்டார், கேட்டதற்கு ஏசினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் தூக்கம் கெட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். தப்பு உங்கள் மேல் இல்லை.

முதல் தடவை கிட்டப் போய், தணிந்த குரலில், "அண்ணே, ஹெட்செட் போட்டுக்கிறீங்களா?" என்று மட்டும் கேளுங்கள். பெட்டியே கேட்க அதட்டினால் அவருக்கு ரோஷம் வந்துவிடும், பிறகு இறங்கி வரமாட்டார். முகத்துக்கு நேரே வீடியோ எடுப்பதும் அப்படித்தான், கைகலப்பில் முடியும்.

ஏசினால் பதில் பேசாதீர்கள். டிடிஆரைத் தேடுங்கள், ஆள் இல்லையென்றால் ரயில்வே உதவி எண் 139-க்கு அழையுங்கள், அல்லது ரயில்வேயின் ரயில் மதாத் செயலியில் டிக்கெட்டில் உள்ள 10 இலக்க பிஎன்ஆரைப் போட்டுப் புகார் பதியுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: "ஒரே சத்தம்" என்று மட்டும் எழுதினால் வருகிறவருக்கு யாரிடம் போவதென்று தெரியாது. "எஸ்5, 23-ஆம் பெர்த், ஸ்பீக்கரில் படம், சொன்னதும் கெட்ட வார்த்தை" என்று எழுதுங்கள்.

குடித்துவிட்டு ரகளை, ஆபாசப் பேச்சு என்றால் ஆர்பிஎஃப் (ரயில்வே பாதுகாப்புப் படை) வர வேண்டும் என்றே கேளுங்கள். ரயில்வே சட்டம் 145-ஆவது பிரிவில் அதற்கு 6 மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு.