குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பூக்களைத் தவிர வேறென்ன பார்க்கலாம்?

மரங்கள்! அதற்காகவே போகலாம். 1874-இல் இங்கிருந்த சோலைக்காட்டை மொத்தமாக அழிக்காமல், அந்தப் பள்ளத்தாக்கின் சரிவிலேயே வெளிநாட்டு மரங்களையும் நட்டு வளர்த்தார்கள். அதனால்தான் நடக்கும்போது பூங்கா என்பதைவிடக் காடு என்றே தோன்றும்.

ருத்திராட்ச மரத்தைத் தவறவிடாதீர்கள். பழக் காலமென்றால் அடியில் நீலப் பழங்கள் கிடக்கும். சதையை நீக்கினால் உள்ளே வரிவரியாக அந்தக் கொட்டை. கற்பூர மரம் கிழக்காசியாவிலிருந்து வந்தது. உதிர்ந்த இலையொன்றைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், கற்பூர வாசனை விரலிலேயே நிற்கும். அப்புறம், ஆஸ்திரேலியாவின் கௌரி பைன். அண்ணாந்து பார்க்க வேண்டிய மரம்.

மே மாதப் பழக் கண்காட்சியின்போது கூட்டம் நெரியும். மரங்களை நிதானமாகப் பார்க்க வேறு மாதத்தில், காலையிலேயே போய்விடுங்கள். பாதை ஏற்ற இறக்கமானது. வழுக்காத செருப்பு அவசியம்.