ஏழு கும்பிடு, இரண்டு மிஸ்டு கால்

கேள்வி:

அக்கா, எனக்கு 44 வயது. விருதுநகர் மாவட்டம். 2020 ஊரடங்கில் மாடித்தோட்டம் போட ஆரம்பித்தபோது ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். 256 பேர் இருந்த அந்தக் குழுவிலிருந்து மனசுக்குப் பிடித்த ஒன்பது பேர் தனியாகப் பிரிந்து வந்தோம். டீச்சர் ஒருவர், கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்ப்பவர் ஒருவர், மற்றவர்கள் என்னைப் போல வீட்டில் இருப்பவர்கள். அன்றிலிருந்து தினமும் பேச்சுதான். செடியில் மாவுப்பூச்சி, மாமியாரோடு மனஸ்தாபம், பிள்ளைகளின் மார்க், இட்லி மாவு பொங்காதது எல்லாம் அங்கேதான். ஆனால் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

ஆடி மாதம் என் கணவருக்கு வேலை போய்விட்டது. 19 வருஷம் ஒரே நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றார். மூன்று வாரமாக எனக்குத் தூக்கமே இல்லை. ஒரு நாள் ராத்திரி தாங்க முடியாமல், "வீட்ல கொஞ்சம் மனசு சரியில்ல, எல்லாரும் வேண்டிக்கோங்க" என்று குழுவில் போட்டேன். ஏழு பேர் கும்பிடு பொம்மை போட்டார்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஒருத்தி தன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் போட்டாள். மளமளவென்று வாழ்த்து. நானும் இதயம் போட்டேன். போட்டுவிட்டு அழுதேன். அன்றைக்கே குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன். இத்தனை வருஷம் பழகியும் ஒருத்தியும் ஏன் போனாய் என்று கேட்கவில்லை. "முகம் தெரியாதவங்ககிட்ட உறவு கொண்டாடினா இப்படித்தான்" என்கிறார் கணவர். அப்படியானால் இது நட்பே இல்லையா? அடுத்தவள் பிள்ளைக்கு வேலை கிடைத்ததற்கு வயிறு எரிந்தேனே, நான் அவ்வளவு கெட்டவளா?

(அட்மின் அக்கா மட்டும் இரண்டு தடவை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. முன்பே சொல்லிவைத்த மூக்குத்தி அவரை விதையைத் தபாலில் அனுப்பியிருக்கிறார். கவர் பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது.)

– பெயர் வேண்டாம்

பதில்:

தோழி, உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது எனக்கும் அந்த ஏழு கும்பிடு மேல் கோபம் வந்தது. இரண்டாம் தடவைதான் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒதுக்கி வைத்திருந்த வரிகளில் கண் நின்றது. "ஒருத்தியும் கேட்கவில்லை" என்று எழுதிய அதே பேனாதான் "இரண்டு தடவை கூப்பிட்டார்" என்றும் எழுதியிருக்கிறது.

ஒரு சின்ன விவரம் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. முன்பெல்லாம் குழுவை விட்டு ஒருவர் போனால் "இன்னார் வெளியேறினார்" என்று எல்லார் திரையிலும் வரும். 2022-ல் வாட்ஸ்அப் அதை மாற்றிவிட்டது. இப்போது அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும். வெளியேறியவர்கள் பட்டியல் என்று ஒன்று 60 நாள் வரை இருக்கும்தான், ஆனால் வேலை மெனக்கெட்டு உள்ளே போய்த் தேடினால்தான் கண்ணில் படும். ஆக, நீங்கள் கதவை அறைந்து சாத்தியதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சத்தம் கேட்டது ஒரே ஒருவருக்கு. அவர் இரண்டு தடவை கூப்பிட்டார். மற்ற ஏழு பேரும் நீங்கள் ஏதோ கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அடுத்து, நீங்கள் போட்ட அந்த வரி. மாவுப்பூச்சி வந்தபோது எப்படி எழுதியிருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இலையைத் திருப்பிப் பிடித்து போட்டோ எடுத்திருப்பீர்கள். எத்தனை நாளாக இருக்கிறது, பக்கத்துத் தொட்டிக்கும் பரவிவிட்டதா, என்ன தெளித்தீர்கள் என்று எல்லாம் சொல்லியிருப்பீர்கள். உடனே பதிலும் வந்திருக்கும்: லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர், வெயில் தாழ்ந்த பிறகு தெளி, இலைக்கு அடியில் மறக்காதே. இப்போது "வீட்ல கொஞ்சம் மனசு சரியில்ல" என்பதைப் படித்த பெண்ணின் நிலைமையைப் பாருங்கள். ஒரு கையில் தோசைத் திருப்பி, ஒரு கையில் போன். என்னாச்சு என்று எட்டு பேர் முன்னால் கேட்டால் துருவிக் கேட்பது போல ஆகிவிடும். கேட்காமல் போனாலும் தப்பு. கட்டை விரல் தானாகக் கும்பிடுக்குப் போகிறது. நானாக இருந்தாலும் அதைத்தான் அழுத்தியிருப்பேன்.

உங்கள் மேலும் தப்பில்லை. கணவர் வாயைக் கட்டியிருந்தார். சொல்லவும் கூடாது, சொல்லாமலும் முடியவில்லை என்றால் வார்த்தை அப்படி மொட்டையாகத்தான் வரும்.

என் கதையும் ஒன்று உண்டு. முதுகுவலிக்காரர்கள் பதினோரு பேர் சேர்ந்த ஒரு குழுவில் இருக்கிறேன். ஆன்லைன் உடற்பயிற்சி வகுப்பில் பழக்கம். யாருக்கு எந்த எலும்பில் பிரச்சினை என்று எனக்கு மனப்பாடம், ஆனால் யார் எவ்வளவு உயரம் என்று தெரியாது. என் அண்ணன் தவறிய அன்று விடியற்காலையில் குழுவில் ஒரு வரி போட்டேன். அதற்கு நேர் கீழே ரோஜாப்பூவோடு ஒரு குட்மார்னிங் படம் வந்து விழுந்தது. அந்த அம்மா தினமும் ஆறு மணிக்கு அனுப்புவது. மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே அனுப்பிவிட்டார். இரண்டு நாள் எனக்கு அவர் பெயரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் போன் செய்தார். முன்னே பின்னே பேசியதில்லை. "சாப்பிட்டீங்களா?" என்றார். நான் இல்லை என்றேன். "சாப்பிடுங்க, நான் வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார். முழுசாக ஒரு நிமிஷம்கூட இல்லை. அந்த ரோஜாப்பூ இன்னும் தினமும் வருகிறது, எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

குழு என்பது திண்ணை மாதிரி. வெண்டைக்காய் காய்த்ததையும் மாவு பொங்காததையும் அங்கே கொட்டலாம். ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போதே இன்னொருவர் லட்டோடு வருவார், திண்ணையில் அப்படித்தான் நடக்கும். வேலை போன கதையை அங்கே சொல்ல முடியாது. அதை ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, குரலில் சொல்ல வேண்டும். உங்களுக்கு அந்த ஒருவர் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு தடவை உங்கள் போனில் வந்து போன பெயர்தான்.

ஆனால் முதலில் கணவரிடம் கேளுங்கள். இது அவருடைய செய்தியும்தான். 19 வருஷம் ஒரு மில்லில் சூப்பர்வைசர் என்ற பெயரோடு நடந்தவர், தெருவில் யாராவது "இன்னிக்கு ஷிப்ட் இல்லையா" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறார். குழுவில் எழுதினால் எட்டு போனில் போய் உட்காரும், எட்டு வீட்டிலும் அம்மா போனை எடுத்து நோண்டும் பிள்ளைகள் உண்டு. அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. "ஒரே ஒருத்தரிடம் மட்டும் சொல்லிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்" என்று கேட்டுப் பாருங்கள். மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

மூச்சு விடாமல் இருப்பதில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. சம்பளக் கணக்கு பார்ப்பவர் ஒருவர் குழுவில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் விஷயம் போயிருந்தால் முதல் கேள்வி என்ன கேட்டிருப்பார் தெரியுமா? "பணிக்கொடை வந்துடுச்சா?" கிராஜுவிட்டி என்பார்களே, வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி கொடுக்க வேண்டிய தொகை, அதுதான். ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் வேலை பார்த்தவருக்கு, ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் சேர்த்து 26-ஆல் வகுத்தால் வருவதுதான் ஒரு நாள் கணக்கு. 19 வருஷத்துக்கு 285 நாள். கிட்டத்தட்ட பதினோரு மாதச் சம்பளம். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டியது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிடைத்துவிட்டதால் எழுதாமல் விட்டிருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் இன்றைக்கே கேளுங்கள்.

அடுத்த வேலைக்கும் இதே கதைதான். 1973-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர், தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம் "அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்கள் எல்லாம் எப்போதாவது, அபூர்வமாக என்றார்கள். காரணம் சிக்கலானதில்லை. உங்கள் வீட்டுக்காரரின் நண்பர்கள் எல்லாரும் அதே மில், அதே ஊர், அவருக்குத் தெரிந்த செய்திதான் அவர்களுக்கும் தெரியும். வேறு ஊரில், வேறு வட்டத்தில் இருப்பவருக்குத்தான் புதுச் செய்தி வரும். உங்கள் ஒன்பது பேருக்கும் சேர்த்து எத்தனை அண்ணன், தம்பி, மச்சான் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

வயிறு எரிந்தது பற்றி. எரிந்தது, அப்புறம்? நீங்கள் அந்தப் பெண்ணைச் சபிக்கவில்லை, இதயம் போட்டீர்கள். பசியோடு இருப்பவர் பந்தியைக் கடந்து போனால் வாயில் எச்சில் ஊறத்தான் செய்யும். இதற்கு மேல் இதில் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

இது நட்பா என்று கேட்டிருக்கிறீர்கள். முகம் பார்க்காத நட்பு என்றதும் பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் கொண்டுவந்து நிறுத்துவது பத்திரிகை வழக்கம். அவர்கள் ராஜாவும் புலவரும், வடக்கிருந்து உயிர் விடுகிற அளவுக்குப் போனவர்கள். நம் கதை மாவு பொங்காத கதை. ஒருத்தி விதையை எண்ணி எடுத்து, காகிதத்தில் மடித்து, கவரில் போட்டு, உங்கள் முகவரியை எழுதி, தபால் பெட்டி வரை நடந்திருக்கிறாள். இதற்கு என்ன பெயர் என்று கணவரைத்தான் கேட்டுச் சொல்லுங்கள்.

தூக்கமின்மையை மட்டும் அப்படியே விடாதீர்கள். மூன்று வாரம் என்பது கொஞ்ச நாளில்லை. 14416 என்று ஒரு எண் இருக்கிறது, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பெயர் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் கூப்பிடுங்கள். கணவருக்கும் அந்த எண்ணைக் கொடுங்கள். அவரும் தூங்கியிருக்க மாட்டார்.

குழுவில் திரும்பச் சேர்வதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அட்மின் நினைத்தால் அரை நிமிஷ வேலை, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இப்போதைக்கு ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் கவரை எடுத்துப் பிரியுங்கள். ஆடிப் பட்டம் தாண்டிவிட்டது என்பதை ஒரு சாக்காக வைக்காதீர்கள், தொட்டியில் ஊன்றினால் மூக்குத்தி அவரை முளைக்கத்தான் செய்யும், காய் கொஞ்சம் குறையலாம். ஊன்றும்போது ஒரு சந்தேகம் வரும், விதையை ராத்திரி ஊற வைக்கணுமா வேண்டாமா என்று. அதைக் கேட்க ஒரு போன் போடுங்கள். காலை பதினோரு மணிக்கு மேல் கூப்பிட்டால் அவருக்கும் அடுப்படி வேலை முடிந்திருக்கும்.